முன்னால் போகிறவள்

அத்தியாயம் பதினொன்று

நின்றால் நிற்கிறாள். போனால் போகிறாள். எப்போதும் கொஞ்சம் முன்னால்.

எழிலின் திரையில் மூன்று வாரமாக வந்துகொண்டிருக்கும் ஊதாச் சட்டைக்காரியைப் பற்றிச் சென்ற வாரம் வரை நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவளுடைய பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ரா' என்று ஓர் எழுத்து மட்டும் இருந்தது. எழில் வேண்டுமென்றே மிதிப்பதை நிறுத்திப் பார்த்தாள். உலகத்தின் எந்த மூலையிலோ இருப்பதாக அவள் நினைத்திருந்த அந்தப் பெண்ணும், அதே நொடியில், சாலையோரம் ஒரு காலை ஊன்றி நின்றாள்.

எழில் ஓட்டுவது வீட்டுக்குள் ஓட்டும் சைக்கிள். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வண்டியை ட்ரெய்னர் என்ற கனத்த கருவியில் பூட்டியிருக்கிறாள். அவள் மிதிக்கிற மிதியை அந்தக் கருவி கம்பியில்லாமல் லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப்புக்குள் கடலும் மலையுமாக ஒரு கற்பனைத் தீவு. அதன் சாலையில் எழிலுக்கான பொம்மைப் பெண், எழில் மிதிக்கிற வேகத்தில் போவாள். மேடு வந்தால் இங்கே மிதி கனக்கும். ஜப்பானில் மிதிப்பவரும் ஜெர்மனியில் மிதிப்பவரும் அதே சாலையில்தான் போவார்கள்.

செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிய அந்த வீட்டுக்குள் இப்படி ஒரு தீவு வந்து சேர்ந்ததற்குக் காரணம் அரங்கநாதன். முப்பது வருடத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதுத் தங்கை சைக்கிளில் போய்த் திரும்பி வராத நாளிலிருந்து, அவர் வீட்டு வாசலில் சைக்கிள் நின்றதில்லை. கல்லூரிப் போட்டிகளில் கோப்பை வாங்கிய மகளிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "வீட்டை வுட்டு வெளிய போகாத சைக்கிள்னா ஓட்டிக்கோ."

அப்படி ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. இருந்தது. இரண்டு வருடமாக எழில் ஓட்டுகிறாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கு மணிக்குச் சென்னை நீலக்கரை அணியின் தேர்வுப் போட்டி. அதுவும் வீட்டுக்குள் ஓட்டும் அணிதான். முதல் மூன்று பேருக்கு இடம். தங்க அறை, பயிற்சி, சம்பளம். "மூணுக்குள்ள வந்தா போ. வரலைன்னா அந்த மிஷினை வித்துட்டு வேற வேலையப் பார்க்கணும்" என்று அரங்கநாதன் சொல்லியாகிவிட்டது. எழிலும் சரி என்றுவிட்டாள்.

காலையில் உடம்பைச் சூடாக்கக் கொஞ்சம் ஓட்டிவிட்டு இறங்கியபோது போன் அடித்தது. நீலக்கரை அணியின் மேலாளர் அனு.

"எழில், உங்க வீட்ல ரெண்டு பேர் ஓட்றீங்களா?"

"இல்ல மேடம். நான் மட்டும்தான்."

"உங்க வீட்டு இன்டர்நெட்ல இருந்து இன்னொரு அக்கவுண்ட் ஓடுது. நீங்க ஏறினா அதுவும் ஏறுது. நீங்க இறங்கினா அதுவும் இறங்குது. எப்பவும் உங்களுக்கு முன்னாடி."

எழில் லேப்டாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"முன்னாடி ஒரு போலி அக்கவுண்டை ஓடவிட்டு, காத்தை அது மேல தள்ளிட்டு, பின்னாடியே ஒளிஞ்சு வர்றதை நாங்க ஏமாத்துன்னுதான் எடுத்துப்போம். தப்பா நினைக்காதீங்க."

"எங்க வீட்ல ஒரே ஒரு சைக்கிள்தான் மேடம். அதுக்கும் ஒரே ஒரு சக்கரம்தான் இருக்குது."

அனு சிரித்தாள். ஆனால் குரல் இளகவில்லை. "மத்தியானத்துக்குள்ள அது யாருன்னு பார்த்து நிறுத்திடுங்க. இல்லன்னா சாயங்காலம் உங்களைச் சேர்க்க முடியாது."

எழில் எதையும் வரிசையாகச் செய்கிற பெண். முதலில் வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு மோடத்தில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று பார்த்தாள். லேப்டாப். அவளுடைய போன். நைனா போன். அம்மா போன். டிவி. கடைசியாக இன்னொன்று: எழில் பழசு.

அது அவளுடைய பழைய போன். ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகத்தான் அம்மா மங்கை சொல்லியிருந்தாள்.

"அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே எழில் கூடத்துக்கு வந்தாள். பதில் இல்லை. பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பூசை அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. காலையில் போட்ட சாம்பிராணி இன்னும் அடங்கவில்லை. பல்பு போட உள்ளே கையை நீட்டியவள், சுவிட்சுப் பலகையில் சார்ஜர் ஒன்று செருகியிருப்பதைப் பார்த்தாள்.

அதன் வெள்ளை ஒயர் சுவரோடு இறங்கி, தரையில் கொஞ்ச தூரம் ஓடி, மூலையில் இருந்த மூங்கில் கூடைக்குள் போனது.

அது பூவாடைக்காரியின் கூடை. குடும்பத்தில் வாழாமல் இறந்துபோன பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற வீடுகளில் இருக்கிற கூடை. உள்ளே ஒரு புதுச் சேலை, கண்ணாடி வளையல், மஞ்சள், பூ. அந்த வீட்டில் அது அரங்கநாதனின் தங்கை ராஜாம்பாளுடையது. வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் யாரும் அதைத் திறப்பதில்லை.

எழில் சேலையின் மடிப்பை விரலால் ஒதுக்கினாள். உள்ளே வெளிச்சமாக இருந்தது.

போன் திரையில் கடலோரச் சாலை. ஊதாச் சட்டை போட்ட பெண் ஒரு காலை ஊன்றி, எழிலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பின்னல் மட்டும் காற்றில் லேசாக ஆடியது. யாரோ வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"குளிச்சியா நீ? வேர்வையோட கூடையத் தொடாத."

எழில் சட்டென்று திரும்பினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி மங்கை நின்றிருந்தாள். முகத்தில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. வேர்வைதான் அவளுக்குப் பிரச்சினை.

"இன்னாம்மா இது?"

"போனு."

"போனுன்னு தெரியுது. கூடைக்குள்ள இன்னா பண்ணுது?"

மங்கை கதவை இன்னும் கொஞ்சம் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இந்த வூட்டுக்குப் புதுசா எது வந்தாலும் மொதல்ல அவளுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிட்டுத்தானே நாம தொடுவோம்? உனக்குக் கம்மல் வாங்குனப்ப வெச்சோம். காலேஜுக்குப் புதுத்துணி எடுத்தப்ப வெச்சோம். சைக்கிளுக்கு மட்டும் வெக்கல. ரெண்டு வருசமா எனக்கு அது உறுத்திக்கினே இருந்துச்சு. இப்ப இவ்ளோ பெரிய போட்டி வேற வருது."

"அதுக்கு?"

"நெசமான சைக்கிள வாங்கிக் கூடை பக்கத்துல நிறுத்துனா உங்க நைனா என்னை நிறுத்தி வெச்சு வெட்டுவாரு. நீதான் சொன்ன, போன்லயே சைக்கிள் குடுக்கறாங்க, சட்டை குடுக்கறாங்க, சக்கரம்கூட தனியா குடுக்கறாங்கன்னு. அதான் அவ பேர்ல ஒண்ணு தொறந்து வெச்சேன்."

எழிலுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது.

"ராஜாம்பாள்னா பேர் போட்ட?"

"வேற யார் பேரப் போடுவேன்? எடை கேட்டுது. நான் அவளப் பார்த்ததே இல்ல, உங்க நைனாவக் கட்டறதுக்கு முன்னாலயே போயிட்டா. ஒல்லின்னு சொல்லுவாங்க. நாப்பதுன்னு போட்டேன். தெனம் காலையில கற்பூரம் காட்டி, அதைத் தொறந்து, சேலைக்குள்ள வெச்சிடுவேன். அவ வண்டிய அவ பார்த்துக்கட்டும்னு."

மீதி எழிலுக்குத் தானாக விளங்கியது. பூசை அறைக்கும் சைக்கிள் இருக்கும் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவளுடைய ட்ரெய்னர் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சிக்னல் கொடுக்கும். கூடைக்குள் திறந்திருந்த போன் அதைப் பிடித்துக்கொண்டது. எழில் மிதித்த ஒவ்வொரு மிதியும் இரண்டு பேருக்குப் போயிருக்கிறது. மிதி ஒன்றே; எடை மட்டும் குறைவு. அதனால்தான் அவள் எப்போதும் முன்னால்.

"அப்பாடா" என்று எழில் சுவரில் சாய்ந்தாள். மூன்று வார பயம் ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது.

ஆனால் போனைக் கையில் எடுத்தவள், இன்னொன்றையும் பார்த்தாள்.

அந்த ஆப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொட்டகை உண்டு. ஓட்ட ஓட்டப் புள்ளி சேரும். அந்தப் புள்ளிக்கு வண்டி, சக்கரம், தொப்பி, சட்டை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தலாம். தடித்த உடம்பும் அகலமான சக்கரமும் உள்ள வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்; சமதரைக்கு அது. மெல்லிய, எடையில்லாத வண்டி மேட்டுக்கு. எழில் தன் வண்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் கணக்குப் போட்டவள்.

ராஜாம்பாளின் கொட்டகையில் இரண்டும் நின்றன. வாராவாரம் ஏதாவது ஒன்று மாற்றப்பட்டிருந்தது.

"இதையெல்லாம் யாரும்மா மாத்தறது?"

"நான்தான்."

"உனக்கு எப்படித் தெரியும், எது எதுக்குன்னு?"

"எனக்கு இன்னா தெரியும்? பூக்கட்டிப் பார்ப்பேன்." மங்கை சாதாரணமாகச் சொன்னாள். "வெள்ளிக்கெழம வெள்ளைப்பூவ ஒரு வெத்தலையில, செவப்ப ஒரு வெத்தலையில மடிச்சுப் போட்டுக் குலுக்குவேன். வெள்ளைன்னா தடி வண்டி. செவப்புன்னா ஒல்லி வண்டி. அவளுக்குப் புடிச்சத அவதானே சொல்லணும்?"

எழில் போன் திரையில் பழைய வாரங்களை விரலால் தள்ளிப் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி, ஒல்லி வண்டி. மறுநாள் சனிக்கிழமை எழில் ஓட்டியது முழுக்க மலைச்சாலை. அதற்கு முந்தின வெள்ளி, தடி வண்டி. மறுநாள் அவள் ஓட்டியது ஏரிக்கரை, மேடே இல்லாத தரை. அதற்கு முந்தின வாரமும் அப்படியே பொருந்தியது.

"அம்மா, சனிக்கிழமை எந்த ரோட்ல போகப்போறேன்னு வெள்ளிக்கிழமை எனக்கே தெரியாது. காலையில எழுந்துதான் முடிவு பண்ணுவேன்."

"உனக்குத் தெரியாது" என்றாள் மங்கை. "சரி."

சன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலையின் பாறைகள் வெயிலில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு குரங்கு மதில் மேல் வந்து உட்கார்ந்து, அறைக்குள் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனது.

"போட்டிக்கும் கேட்டியா?" எழிலின் குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது.

"முந்தாநேத்தே கேட்டேன். செவப்பு."

ஒல்லி வண்டி. இன்றைய பாதை பெரும்பாலும் கடலோரச் சமதரை, எதிர்காற்று; கடைசியில் மட்டும் ஒரு மேடு. எழிலின் கணக்குப்படி தடி வண்டிதான் சரி. ஒல்லி வண்டியில் போனால் காற்றிலேயே பின்தங்கி, மேட்டுக்கு வருவதற்குள் போட்டி முடிந்துபோகும்.

"இந்தத் தடவை தப்பா சொல்லிட்டாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, எழில் அந்த அக்கவுண்டையே அழிக்கிற பொத்தானைத் தேடினாள்.

மங்கை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாடி பண்ற? வெச்சத எடுப்பாங்களா?"

"எடுக்கலன்னா என்னை எடுத்துடுவாங்கம்மா! மத்தியானத்துக்குள்ள நிறுத்தச் சொல்லியிருக்காங்க."

"போட்டி அடுத்த வருசம் வரும். இவளுக்குக் கோவம் வந்தா எந்த வருசமும் வராது."

"எடுத்தா இன்னா பண்ணிடுவாங்க?"

"யார எடுக்கறீங்க?"

வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. கறிப்பையோடு அரங்கநாதன் நின்றிருந்தார். விதைக்கடைக்கு ஞாயிறு விடுமுறை; கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தவர், சண்டை சத்தம் கேட்டுப் பூசை அறை வரை வந்துவிட்டார்.

"அங்கயே நில்லுங்க. கறியோட உள்ள வராதீங்க" என்றாள் மங்கை.

அவர் நிலைப்படிக்கு வெளியேயே நின்று கையை நீட்டினார். மங்கை போனைக் கொடுக்கவில்லை. எழில்தான் வாங்கிக் கொடுத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கறிப்பையைக் கீழே வைக்கவும் மறந்து, ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழிலின் திரையில் 'ரா' என்று மட்டும் வந்த பெயர், இந்தப் போனில் முழுசாக இருந்தது. ராஜாம்பாள், செஞ்சி. பக்கத்தில், காலூன்றி நிற்கிற பெண்.

அவர் கத்துவார் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள்.

"சைக்கிளா வாங்கிக் குடுத்த?" என்று மட்டும் மனைவியிடம் கேட்டார்.

மங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"நைனா, அந்தப் பொத்தானை அழுத்துனா போதும். பேர் போயிடும். நீங்களே அழுத்துங்க. நீங்க எடுத்தா அம்மா ஒண்ணும் சொல்லாது."

அரங்கநாதனின் கட்டைவிரல் திரைக்கு மேலே போய் நின்றது. அந்த ஆப் கேட்கிற கேள்வி அங்கே வந்திருந்தது. ராஜாம்பாளை நிரந்தரமாக நீக்கவா?

"ரேஷன் கார்டுல இருந்து அவ பேரை எடுக்கறதுக்கு நான்தான் போனேன்" என்றார் அவர். "எங்க நைனாவால முடியல. தாலுக்கா ஆபீசுல அந்தாளு கோடு போட்டு அடிச்சான். இப்படி, ஒரே இழுப்பு. இன்னொரு தடவ என் கையால முடியாது, பாப்பா."

எழிலுக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது. "அப்போ என் பேர எடுக்கட்டுமா?"

மங்கை இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஒண்ணு பண்ணலாம். இவ சொல்றத வெச்சுப் பார்த்தா, போன் பக்கத்துல இருந்தாத்தான் அது ஓடும். அழிக்க வேணாம். போனை தூரமா எடுத்துனு போயிட்டா?"

"போதும்" என்றாள் எழில். "தாராளமா போதும்."

"ஆனா ஒரு முறை இருக்குது." மங்கை கூடையிலிருந்த சேலையைத் தொட்டுக் காட்டினாள். "அவளுக்கு வெச்ச சேலைய அப்புறம் யார் கட்டுவாங்க? வூட்டுப் பொண்ணு. நீதான் கட்டற. அப்பத்தான் அவ வாங்கிக்கினான்னு அர்த்தம். இதுவும் அப்படித்தான். அவளுக்கு எந்த வண்டி செவப்புல விழுந்துச்சோ, அதுலதான் நீ இன்னிக்குப் போவணும்."

"அம்மா! அந்த வண்டில போனா நான் தோத்துடுவேன்."

"காத்துதானே பிரச்சினை? முன்னாடி ஒரு ஆள் போனா பின்னாடி வரவங்களுக்குக் காத்து படாதுன்னு நீதானே சொன்ன?"

"முன்னாடி யார் போவா? எல்லாரும் தடி வண்டில என்னைத் தாண்டிப் போயிடுவாங்க."

"அதுக்கு நான் இன்னா சொல்ல முடியும்? கட்டறியா, இல்லியா?"

பேரம் அதோடு முடிந்தது. எழில் அனுவைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்த பழைய போன் ஒன்று தவறுதலாக இணைந்துவிட்டது, எடுத்துவிட்டோம் என்று சொன்னாள். அவள் கண் முன்னாலேயே அரங்கநாதன் போனை அணைத்தார். திரை கறுப்பானதும் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கைக்குட்டையைத் திணித்தார். "தொண்டூர் பக்கம் நெலத்தப் பார்த்துட்டு வரேன். போட்டி முடிஞ்சதும் கூப்புடு" என்று மொபெட்டைக் கிளப்பினார்.

தன்னுடைய கொட்டகையைத் திறந்து, சேர்த்து வைத்த புள்ளியெல்லாம் போட்டு, எழில் அந்த ஒல்லி வண்டியை வாங்கினாள். வேண்டாத சேலையைக் கட்டிக்கொள்ளும் மணப்பெண் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் வாங்கினாள்.

நான்கு மணிக்குப் போட்டி தொடங்கியது.

மங்கை கதவோரம் உட்கார்ந்து மல்லாட்டை ஓட்டை உடைத்து வேர்க்கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. எழில் திரையில் முதலில் தேடியது ஊதாச் சட்டையை. இல்லை. எங்கேயும் இல்லை.

அவள் பயந்தது அப்படியே நடந்தது. கடலோரத்தில் எதிர்காற்று தொடங்கியதும், தடி வண்டிக்காரிகள் கூட்டமாக அவளை விட்டுப் போனார்கள். கூட்டம் சின்னதாகி, புள்ளியாகி, ஒரு வளைவில் மறைந்தது. எழில் தனியாக, காற்றை முழுக்கத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு மிதித்தாள். தொடை எரிந்தது. ட்ரெய்னரை வாங்க ஆள் வந்து வாசலில் நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் அந்தப் பச்சைக் குறி எரிந்தது.

ஒருவருடைய முதுகுக்குப் பின்னால், காற்றுப்படாமல் போகும்போது மட்டும் எரிகிற குறி அது. எழில் நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் யாருமில்லை. ஈரச் சாலை, கடல், வானம். பச்சைக் குறி மட்டும் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. மிதி அதே மிதிதான்; வேகம் கூடிக்கொண்டே போனது.

"அம்மா."

"ம்?"

"நைனாவுக்குப் போன் போடு. அந்தப் போன் அணைஞ்சுதான் இருக்குதான்னு கேளு."

மங்கை கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு எழிலின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். "கையிலதான் வெச்சிருக்காராம். கறுப்பாத்தான் இருக்குதாம்."

இப்படி வருகிற வேகம் அவளுடையதல்ல. அவள் ஏமாற்றுக்காரி இல்லை. கைப்பிடியில் இருந்த சின்னப் பொத்தானை அழுத்தித் தன் பொம்மைப் பெண்ணைச் சாலையின் இடது ஓரத்துக்கு நகர்த்தினாள்.

பச்சை அணைந்தது. காற்று மறுபடி வந்து மோதியது. எழில் பல்லைக் கடித்தாள்.

சில நொடி கழித்துப் பச்சை மறுபடி எரிந்தது. இடது ஓரத்திலேயே.

வலது ஓரத்துக்குப் போனாள். அணைந்தது. எரிந்தது.

"வேணாம் அத்தை" என்றாள் எழில், மூச்சிரைப்புக்கு நடுவே. யாரிடம் பேசுகிறோம் என்று யோசிக்கவும் நேரமில்லை. "போதும். தள்ளிக்கோ. நானே வரேன்."

மங்கையின் கையில் மல்லாட்டை உடைகிற சத்தம் நின்றுபோனது.

மேடு வந்தது. மேடு தொடங்கிய இடத்தில் பச்சைக் குறி அணைந்தது. அதற்குப் பிறகு எரியவே இல்லை. ஆனால் மறைந்துபோன கூட்டம் இப்போது எதிரிலேயே இருந்தது. தடி வண்டிகளெல்லாம் ஏற முடியாமல் திணறிக்கொண்டிருந்தன. எழிலின் கீழே எடையே இல்லாத வண்டி. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியை. பெயர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. உச்சிக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் இரண்டு பெயர்தான் இருந்தன.

மூன்றாவது.

இறங்க முடியவில்லை. கைப்பிடி மேல் கவிழ்ந்து கிடந்தாள். மங்கை துண்டை நனைத்து அவள் கழுத்தில் போட்டாள். இருவருமே சந்தோஷமாகக் கத்தவில்லை.

அரங்கநாதன் வந்து சேர்ந்து, அணைந்த போனைப் பூசை அறைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வருவதற்கும் அனுவின் அழைப்பு வருவதற்கும் சரியாக இருந்தது. எழில் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எழில், மூணாவது வந்திருக்கீங்க. ஆனா முடிவை நிறுத்தி வெச்சிருக்கோம்."

"ஏன் மேடம்?"

"கடலோரத்துல உங்க மிதிக்கு அந்த வேகம் வரக் கூடாது. ஒரு ஆள் பின்னாடி போனாத்தான் வரும். ஆனா உங்க முன்னாடி யாரும் இல்ல. அதைவிட ஒண்ணு, நீங்க யாருக்கோ வழி விடற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலகினீங்க. நாங்க எல்லாரும் பார்த்தோம்." அனு கொஞ்சம் நிறுத்தினாள். "ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். நீங்க உங்க எடையைக் குறைச்சுக் குடுத்திருக்கணும். அப்படின்னா இடம் கிடையாது. இல்ல, உங்க முன்னாடி நிஜமாவே ஒருத்தர் இருந்து, எங்க கம்ப்யூட்டர்ல தெரியாம போயிருக்கணும். அப்படின்னா தப்பு எங்களோடது, இடம் உங்களோடது. ரோட்ல இருந்தது நீங்க. சொல்லுங்க, முன்னாடி யாராவது இருந்தாங்களா?"

எழில் வாயைத் திறந்தாள். பார்த்ததைச் சொன்னால், யாருமில்லை. இடம் போய்விடும். இருந்தார்கள் என்றால், அவள் பார்க்காததைச் சொன்னதாகும். அம்மாவைப் பார்த்தாள். மங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழில்? லைன்ல இருக்கீங்களா?"

"ஆமா, இருந்தா" என்றார் அரங்கநாதன்.

எழில் திரும்பினாள். நைனா போனுக்குப் பக்கத்தில் வந்து, கொஞ்சம் குனிந்து, கடையில் கணக்குச் சொல்கிற தெளிவோடு பேசினார்.

"நான் எழிலோட அப்பா பேசறேன்மா. எடையெல்லாம் சரியாத்தான் குடுத்திருக்குது பொண்ணு. முன்னாடி ஆள் இருந்தா."

"யார் சார்?"

முப்பது வருடமாக அந்த வீட்டில் அவர் வாயால் வராத பெயர் வந்தது. "என் தங்கச்சி. ராஜாம்பாளு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "ராஜாம்பாள், செஞ்சி. காலையில நிறுத்தச் சொன்னோமே, அந்த அக்கவுண்ட். அப்போ அது பழைய போன் தப்பா இணைஞ்சதும் இல்ல, போலியும் இல்ல. உங்க வீட்ல நிஜமாவே இன்னொருத்தர் ஓட்றாங்க. அப்படித்தானே சார்?"

மங்கை கணவனின் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்கிறாளா, சொல்லுங்கள் என்கிறாளா என்று எழிலுக்குத் தெரியவில்லை.

"ஆமாம்மா" என்றார் அரங்கநாதன்.

"சரி. செவ்வாய்க்கிழமை நாங்க நேர்லயே செஞ்சிக்கு வரோம். எழிலை ஒரு தடவை எங்க முன்னாடி ஓட்டிக் காட்டச் சொல்லுவோம். அவங்களையும் ஓட்டிக் காட்டச் சொல்லுவோம். ரெண்டு பேரும் ஓட்டினாத்தான் முடிவு சொல்ல முடியும். அன்னிக்கு உங்க தங்கச்சியை வீட்லயே இருக்கச் சொல்றீங்களா சார்?"

பூசை அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அரங்கநாதன் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"சொல்றேன்மா" என்றார்.